படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்!

சென்ற வாரம் பேருந்துப் பயணச்சீட்டு ஒன்றைக் கைப்பேசியில் பதிவு செய்ய அமர்ந்தேன். முதலில் ஒரு சிறு கட்டம் தோன்றிற்று: ‘நான் ரோபோ அல்ல.’ குறியிட்டேன். உடனே ஒன்பது படங்கள் வந்தன. போக்குவரத்து விளக்கு உள்ளவற்றைத் தெரிந்தெடுக்க வேண்டுமாம். விளக்கைத் தாங்கும் கம்பமும் விளக்கோடு சேர்ந்ததா என்று சற்று நேரம் தியானித்தேன். இருமுறை தோற்று, மூன்றாம் முறை மனிதனாக ஏற்றுக்கொள்ளப்பட்டேன். பக்கத்தின் அடியில் இரண்டாம் கட்டம் இருந்தது: ‘விதிமுறைகள் அனைத்தையும் படித்து ஒப்புக்கொள்கிறேன்.’ அதிலும் குறியிட்டேன். ஒரு வரியையும் படிக்கவில்லை. முதல் கட்டத்தில் மெய்யும் இரண்டாம் கட்டத்தில் பொய்யும் சொல்லிவிட்டு, மன உறுத்தல் ஏதுமின்றித் தேநீர் அருந்தச் சென்றேன்.

நீங்களும் இதையே செய்கிறீர்கள் என்று சொன்னால் கோபிக்கமாட்டீர்கள் என நம்புகிறேன்.

பிரிட்டனில் கேம்ஸ்டேஷன் என்னும் கணினி விளையாட்டு விற்பனை நிறுவனம் 2010 ஏப்ரல் 1 அன்று தன் விதிமுறைகளில் வேடிக்கையாக ஒரு வரியைச் சேர்த்தது. பொருள் வாங்குகிறவர் தம் அழியாத ஆத்துமாவின்மேல் நிறுவனத்துக்கு உரிமை தருகிறார் என்பதே அது. வேண்டாம் என்போர் குறியிட ஒரு கட்டமும், அவர்களுக்கு 5 பவுண்டு பரிசும் இருந்தன. ஆயினும் சுமார் 7,500 பேர் கவனியாமல் கடந்துபோனார்கள். ஏசா ஒரு வேளைக் கூழுக்குச் சேஷ்டபுத்திரபாகத்தை விற்றான் என்று வியக்கிறோம். அவன் கூழையாவது பார்த்துவிட்டு விற்றான்! நிறுவனமோ அந்த ஆத்துமாக்களை உரிமை கோரப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது.

2017இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஒரு வைஃபை நிறுவனமும் இவ்வாறே சோதித்தது. இலவச இணைப்புக்குப் பதிலாகக் கழிப்பறை கழுவுதல் உட்பட 1,000 மணி நேரச் சமூகப் பணி செய்யவேண்டும் என்ற நிபந்தனைக்கு இரண்டே வாரங்களில் 22,000 பேர் ஒப்புக்கொண்டார்கள். அந்த வரியைக் கண்டு சொன்னவர் ஒரே ஒருவர்.

சிரித்தபின் நியாயத்தையும் பார்ப்போம். எல்லாவற்றையும் படிப்பது நம்மால் ஆகிற காரியமா? ஒருவர் தாம் செல்லும் தளங்கள் அனைத்தின் தனியுரிமைக் கொள்கைகளையும் படித்தால் ஆண்டுக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2008இலேயே கணக்கிட்டார்கள். ஆகவே நாம் படிக்கமாட்டோம் என்பதை எழுதுகிறவரும் அறிவார். அறிந்தே எழுதுகிறார். ‘ஆம்’ என்னும் பொத்தான் பளிச்சென்ற நிறத்தில் விரலுக்கருகே நிற்கிறது. ‘வேண்டாம்’ என்பதோ வெளிறிய சாம்பல் எழுத்தில் மூலையில் ஒளிந்திருக்கிறது. சில தளங்களில் மறுக்கவேண்டுமானால், ‘எனக்குச் சேமிப்பு தேவையில்லை’ என்று நம்மையே நாம் இகழ்ந்து அறிக்கையிட வேண்டியிருக்கிறது!

இது வேடிக்கையோடு முடிவதில்லை. நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் தம் கைப்பேசியோடு என்னிடம் வந்தார். மாதந்தோறும் 149 ரூபாய் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. “ஐயா, நான் யாருக்கும் சம்மதம் சொல்லவில்லையே” என்றார். ஏழு மாதங்களுக்கு முன் பாட்டுக் கேட்க ‘இலவசம்’ என்றிருந்த இடத்தை ஒருமுறை தொட்டிருக்கிறார், அவ்வளவே. சேருவதற்கு ஒரு தொடுதல் போதுமாயிருந்தது. விலகுவதற்கு நாங்கள் இருவரும் முக்கால் மணி நேரம் தேடினோம். விதவைத் தாயாருக்கு 149 ரூபாய் சிறு தொகையன்று.

பிரியமானவர்களே, ஆலயத்தில் ஒரு விவாகத்தை நடத்துமுன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அறிவிப்பு வாசிக்கிறோம். தடை சொல்ல எவருக்கும் வாய்ப்பளிக்கிறோம். அதன்பின் மணமக்களை நேருக்கு நேர் நோக்கி, சம்மதமா என்று கேட்கிறோம். ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமிருப்பதால்தான் அங்கே சொல்லப்படும் ‘ஆம்’ மதிப்புடையதாகிறது. மறுக்கும் வழியை ஒளித்துவைத்துப் பெறுவதைச் சம்மதம் என்று அழைப்பது அந்தச் சொல்லுக்கே அவமானம் என்பது என் துணிபு. நம் நாட்டின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2023இல் இத்தகைய 13 வகை ஏய்ப்பு வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்திருக்கிறது. கேளாமல் பொருளைக் கூடையில் சேர்ப்பதும், விலக முடியாத சந்தாவில் சிக்கவைப்பதும் அவற்றில் அடங்கும்.

ஆயினும் பழியை முழுவதும் அவர்கள்மேல் சுமத்திவிட்டு நாம் எழுந்துபோக முடியாது. ‘படித்தேன்’ என்று படிக்காமலே சொல்லிப் பழகிய விரல், ‘விசாரித்தேன்’, ‘ஜெபிக்கிறேன்’ என்று நினையாமலே அனுப்பவும் பழகிவிடுகிறது. குழுச் செய்தியில் கூப்பிய கரங்களின் படத்தை இட்டுவிட்டு, யாருக்காக இட்டோம் என்பதையே மறந்த நாட்கள் எனக்கும் உண்டு.

எனவே இவ்வாரம் சில சிறு காரியங்களைச் செய்வோம். பணம் செலுத்துமுன், நமக்கு முன்பே யாரோ குறியிட்டுவைத்த கட்டம் உண்டா என்று பார்ப்போம். ‘இலவசம்’ என்றால் எந்தத் தேதிவரை என்று தேடுவோம். யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ என்ற பகுதியைத் திறந்தால், மாதந்தோறும் யாருக்குப் பணம் போகிறது என்று தெரியும். வேண்டாததை அங்கேயே நிறுத்தலாம். ஏமாற்றப்பட்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு முறையிடலாம். இளையோரே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியை இன்று மாலையே கையில் வாங்கிப் பாருங்கள்; கடிந்துகொள்ளாமல் பாருங்கள்.

நான் முதலில் சொன்ன இரு கட்டங்களை மறுபடியும் நினைத்துப்பார்க்கிறேன். படியாமலும் யோசியாமலும், காட்டிய இடத்திலெல்லாம் குறியிடுகிறவனாக இருந்தால், ‘நான் ரோபோ அல்ல’ என்று சொன்னதும் முழு மெய்தானா?