பயணி மீது பழியில்லை

2024 செப்டம்பர் 13-ஆம் தேதி சித்தூர் மாவட்டம் மொகிலி மலைப்பாதையில் அரசு பஸ்ஸும் இரு லாரிகளும் மோதியதில் பலர் மாண்டனர். இத்தகைய விபத்துகளில் ஒரு தரப்பு மற்றதன் மீது பழி போடுவது வழக்கம். கிரிமினல் வழக்கு முடியட்டுமென்று ஏழைக் குடும்பம் காத்திருந்தால் நஷ்டம் அதற்கே.

பஸ்ஸில் அமர்ந்திருந்த பயணி தவறேதும் செய்யவில்லை. பல வாகனங்களின் கவனக்குறைவு சேர்ந்து விபத்து நேர்ந்தால், முழு நஷ்டஈட்டையும் அவற்றில் எந்த ஒரு தரப்பிடமும் பெறலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2015-ல் தெளிவாக்கியது. பங்கு பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு. வண்டி ஓட்டியவர் மீதும் தவறிருந்தால் மட்டும் அந்த அளவுக்கு அவருக்குரிய தொகை குறையும்.

குற்றத்தை நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2½ லட்சம் ரூபாய் கோரவும் சட்டத்தில் இடமுண்டு. விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, மனுதாரர் குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். சட்டம் வைத்துள்ள கெடு ஆறு மாதம்.

திருப்பதி, சித்தூரில் பிழைக்க வந்த தமிழருக்கோ போலீஸ் ஆவணங்கள் தெலுங்கில் இருப்பதே முதல் இடையூறு. படிக்க இயலாதவர் தரகர் நீட்டும் தாளில் கையெழுத்திடுகிறார். மாவட்டச் சட்ட உதவி ஆணையம் தமிழறிந்த ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே அமர்த்த வேண்டும். துக்க வீட்டாரும் தரகரை விலக்கி, அந்த ஆணையத்தின் கதவைத் தட்டுவதே விவேகம்.