வெளியூர்க்காரன் கடை

தர்மபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்து பாருங்கள். டீ வேண்டுமா, நாயர் கடை. பன் வேண்டுமா, பெங்களூர் ஐயங்கார் பேக்கரி. (உள்ளே போய் ஐயங்காரைத் தேடாதீர்கள். மைசூர்பாகில் மைசூரையா தேடுகிறோம்?) சுவிட்ச், ஒயர், செல்போன் கவர் என்றால் ராஜஸ்தான் சேட்டு. சாயந்திரமானால் தள்ளுவண்டியில் பானிபூரி. போட்டுத் தருகிற தம்பிக்கு ஊர் பீகாரோ, உத்தரப் பிரதேசமோ. மொத்தத்தில் உள்ளூர்க்காரர் யார் என்று பார்த்தால், காசு கொடுக்கிற நீங்கள் ஒருத்தர்தான்!

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்! கண்டவனெல்லாம் வந்து நம்ம காசை மூட்டை கட்டி எடுத்துட்டுப் போறான்" என்று பொருமுவார், எனக்குத் தெரிந்த ஒரு ஹெட்கிளார்க். பொருமிக்கொண்டே அதே நாயர் கடையில் இரண்டாவது டீக்கு ஆர்டர் கொடுப்பார். ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா.

பி.காம். படித்த பாவத்துக்கு, அந்த டீக்கு நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடை வாடகை, உள்ளூர் பில்டிங் ஓனருக்கு. பால் காசு, பக்கத்துக் கிராமத்து மாட்டுக்காரருக்கு. வடைக்கு வெங்காயமும் பச்சை மிளகாயும் உள்ளூர்ச் சந்தையில். கேஸ், கரண்ட் பில், தண்ணி கேன், கிளாஸ் கழுவுகிறவர் சம்பளம் எல்லாம் இங்கேயே பட்டுவாடா. இத்தனையும் போக மிச்சம்தான் பாலக்காட்டுக்குப் போகும். அதிலும் அவர் பிள்ளை இங்கே படித்தால் ஃபீஸ், யூனிஃபார்ம், பண்டிகைத் துணி என்று பாதி வழியிலேயே இறங்கிவிடும். ஹெட்கிளார்க் சொன்ன மூட்டை, கடைசியில் ஒரு மஞ்சள் பை அளவுக்குத்தான் தேறுகிறது!

கணக்குப் புத்தகத்தில் ஏறாத வரவும் ஒன்று உண்டு. ரொம்ப நாளாக மூடிக் கிடந்த ஒரு ஷட்டரை டீக்கடைக்காரர் எடுத்து, விடியற்காலை நாலரைக்குத் திறக்கிறார். லைட் எரிகிறது. லைட் எரிந்தால் ஆட்டோ வந்து நிற்கும். பேப்பர் கட்டு இறங்கும். பூக்காரம்மா கூடையை வைப்பார். ஆறு மாதத்தில் பக்கத்து ஷட்டரைக் கேட்டு ஒருவர் வருவார். தெரு பிழைத்துக்கொள்வது இப்படித்தான்.

சரித்திர சாட்சி வேண்டுமென்றால் சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் போக வேண்டும். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றும் அறிவித்தது. அங்கே கடை கண்ணி என்று வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறி, ஏறக்குறைய வெறுங்கையோடு மெட்ராஸில் வந்து இறங்கினார்கள். பேசுவது தமிழ்தான். ஆனாலும் மெட்ராஸுக்கு அவர்கள் "பர்மாக்காரங்க". பிளாட்பாரத்தில் கடை விரித்தார்கள். 1969-ல் பர்மா பஜார் உருவானது. அப்புறம் டூ-இன்-ஒன், கால்குலேட்டர், வாக்மேன் என்றால் ஜனங்களுக்கு அந்த இடம்தான் ஞாபகம் வந்தது. கூடவே அத்தோ, மொய்ங்கா கடைகளும் வந்தன. அகதியாக வந்தவர்கள் ஒரு பிளாட்பாரத்தை ஊருக்கே அடையாளமாக்கிவிட்டார்கள்.

இவர்களுக்கெல்லாம் முதல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பாங்க் மேனேஜரிடமிருந்து இல்லை. முதலில் ஒருத்தர் வருவார். பிறகு மச்சானை வரவழைப்பார். மச்சான் இரண்டு வருஷம் கிளாஸ் கழுவுவார், பிறகு கல்லாவில் உட்காருவார். அப்புறம் சொந்தக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பக்கத்து ஊரில் அவருக்கு ஒரு கடை. எம்.பி.ஏ.வில் சொல்லித் தருவது இதில் பாதிகூட இருக்காது.

"நம்ம பையனுக்கு இதெல்லாம் வராதா?" என்று கேட்பீர்கள். வரும் சார். தர்மபுரியில்தான் வராது. ஓசூரைத் தாண்டினால் வந்துவிடும்!

பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பெங்களூருக்குப் பிழைக்கப் போனவர்கள் கொஞ்சநஞ்சமா? கட்டட வேலைக்குப் போனவர் அங்கே இட்லிக் கடை போடுகிறார், இஸ்திரி வண்டி தள்ளுகிறார். சொந்த ஊரில் வண்டி தள்ள, "மாமா பார்த்தா என்ன நினைப்பார்" என்று கூச்சம். அந்த ஊரில் மாமா கிடையாது. அங்கே அவர்தான் வெளியூர்க்காரன்.

அந்தப் பெயருக்கு என்ன விலை என்று 1991 டிசம்பரில் தெரிந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி நடந்த கலவரத்தில் பெங்களூர்த் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானவர்கள் குழந்தை குட்டியோடு ஓடி வந்தார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டு பஸ்களும் லாரிகளும் அங்கே எரிந்தன. 2023 மார்ச்சில் நம் பக்கத்துக் கதை. தமிழ்நாட்டில் வட மாநிலத்துக்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவ, பயந்துபோய்ப் பலர் ரயிலேறினார்கள். அது பொய் என்று போலீஸே சொல்ல வேண்டியிருந்தது. "வெளியூர்க்காரன்" என்பது ரிட்டர்ன் டிக்கெட் எடுத்த வார்த்தை. இங்கே கிளப்பிவிட்டால், பெங்களூரில் நம்ம பையன் கடை வாசலில் போய் நிற்கும்.

அதற்காக, வந்தவரெல்லாம் உத்தமர் என்று சர்டிபிகேட் கொடுக்கவில்லை. போட்டியில் உள்ளூர்க் கடைகளுக்கு அடி விழத்தான் செய்யும். வாடகையும் அட்வான்ஸும் ஏறும் (ஏற்றுகிறவர் உள்ளூர் ஓனர் என்பதை மறக்க வேண்டாம்). அடகுக் கடையில் வட்டி அதிகமா? தட்டிக் கேளுங்கள். அதற்கு 1943-லேயே சட்டம் இருக்கிறது. எடை குறைந்தால் சண்டை போடுங்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன் கிளாஸ் கழுவினால் புகார் கொடுங்கள். இதே கேள்விகளை உள்ளூர்க்காரர் கடையிலும் கேளுங்கள். வெளியூர் என்பதற்காகத் தள்ளுபடியும் வேண்டாம், அபராதமும் வேண்டாம்.

பாலன்ஸ் ஷீட்டில் 'குட்வில்' என்று ஒரு சொத்து எழுதுவார்கள். கண்ணால் பார்க்க முடியாது, தொட முடியாது. பத்து வருஷம் சேர்த்ததை ஒரே நாளில் தொலைத்துவிடலாம். கடைக்கு மட்டுமில்லை சார், ஊருக்கும் அது உண்டு.