ஆஸ்பத்திரியைக் கேள்வி கேட்கும் உரிமை

இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் இங்கிலாந்தில் பதவிக்கு வந்த தொழிற்கட்சி மந்திரிசபையில், தேசம் முழுவதற்கும் இலவச வைத்தியம் அளிப்பது என்ற கொள்கைக்கு எவரும் ஆட்சேபம் சொல்லவில்லை. ஆயினும் ஆஸ்பத்திரிகள் யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தபோது மந்திரிகளுக்குள் கடுமையான வாதம் மூண்டது. ஏழை நிவாரண விடுதிகளைச் சேர்ந்த பழைய ஆஸ்பத்திரிகளை 1930-ல் ஏற்றுக்கொண்டு அவற்றைச் சீர்படுத்திய லண்டன் கவுண்டி சபைக்குச் சில ஆண்டுகள் தலைமை வகித்தவரான ஹெர்பர்ட் மாரிசன், ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த ஸ்தல ஸ்தாபனங்களிடமே ஆஸ்பத்திரிகள் இருக்க வேண்டும் என்று வாதாடினார். சுகாதார மந்திரியான அனூரின் பெவன், அப்படி விட்டால் பணக்கார நகரத்து நோயாளிக்கு ஒருவிதச் சிகிச்சையும் ஏழை நகரத்து நோயாளிக்கு வேறுவிதச் சிகிச்சையும் கிடைக்கும் என்பதைக் காட்டி, யாவும் தேசத்தின் உடைமையாக வேண்டும் என்றார். பெவனின் வாதமே வென்றது. 1948 ஜூலை 5-ஆம் தேதி ஆஸ்பத்திரிகள் நகரசபைகளின் கையை விட்டு நீங்கின.

சமத்துவத்தைக் கருதிப் பெவன் செய்த முடிவு நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் மாரிசனின் கவலையையும் அலட்சியம் செய்வதற்கில்லை. தம் ஊர் ஆஸ்பத்திரியில் தவறு நேர்ந்தால் சாதாரணப் பிரஜை யாரிடம் போய் முறையிடுவது? தம் வோட்டைக் கேட்டு வாசலுக்கு வரும் நகரசபை அங்கத்தினரிடம் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டால், அது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்ற பதில்தானே கிடைக்கும்? இந்தக் குறையை ஓரளவு நிவர்த்திக்கும் பொருட்டு 1974-ல் சமூகச் சுகாதாரச் சபைகள் என்று சில ஏற்படுத்தப்பட்டன. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து பார்க்கும் உரிமை அவற்றுக்கு இருந்தது. 2003-ல் அவை கலைக்கப்பட்டன. அதற்கு முன்பாகவே 2001-ஆம் ஆண்டுச் சட்டம், வைத்திய சேவையைக் கூர்ந்து ஆராயும் அதிகாரத்தை ஸ்தல ஸ்தாபனங்களின் ஆய்வுக் குழுக்களுக்கு அளித்திருந்தது. அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம். தகவல் கேட்டுப் பெறலாம். ஆஸ்பத்திரியை மூடுவது, பிரிவுகளை இடம் மாற்றுவது போன்ற பெரிய மாறுதல்கள் ஜனங்களுக்குத் தீங்கானவை என்று தோன்றினால் மந்திரிக்கே முறையாக மேல்முறையீடு செய்யவும் அப்போது முடிந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மூடிக் கிடந்த கதவு, பாதியளவேனும் திறந்தது என்றே அன்று பலர் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை ஸ்டாபோர்டு நகரத்தில் பொய்த்துப்போன விதத்தை, வக்கீல் ராபர்ட் பிரான்சிஸ் தலைமையில் நடந்த பகிரங்க விசாரணையின் அறிக்கை சொல்கிறது. 2013 பிப்ரவரியில் வெளியான அந்த அறிக்கை 290 சிபாரிசுகளைக் கொண்டது. அதை வாசிப்பவர்கள் நெஞ்சு பதறாமல் வாசிக்க முடியாது. 2005-க்கும் 2009-க்கும் இடையே, கூடுதல் சுயநிர்வாக அந்தஸ்தைப் பெற்றுவிட வேண்டும் என்ற வேகத்தில் இருந்த அவ்வூர் ஆஸ்பத்திரி நிர்வாகம், ஒரே ஆண்டில் ஒரு கோடி பவுன் மிச்சப்படுத்தத் தீர்மானித்து, அதன் பொருட்டு ஊழியர்களைக் குறைத்தது. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களில் யாரை முதலில் கவனிப்பது என்று, வைத்தியப் பயிற்சி சிறிதும் இல்லாத வரவேற்புக் குமாஸ்தாக்கள் நிர்ணயிக்கும் நிலை வந்தது. முதியவர்கள் தங்கள் மலஜலத்திலேயே மணிக்கணக்காகக் கிடந்தார்கள். உணவு கைக்கு எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டு, தொடப்படாமலே திரும்பிப் போயிற்று. தாகம் தாளாமல் பூச்சாடியில் இருந்த நீரைக் குடித்தவர்களும் உண்டு என்று உறவினர்கள் சொன்னார்கள்.

இவ்வளவும் நடந்த காலத்தில் அந்த ஆஸ்பத்திரியைக் கவனிப்பதற்கென்று, கவுண்டி சபைக்கு ஒன்றும் நகரசபைக்கு ஒன்றுமாக இரண்டு ஆய்வுக் குழுக்கள் இருந்தன. அவை கூடின; அதிகாரிகளை அழைத்தன; அதிகாரிகள் கொண்டுவந்த விவரங்களைக் கேட்டுக்கொண்டன; நன்றி கூறி அனுப்பின. அபாயத்தின் அறிகுறி ஒன்றும் அவற்றின் கண்ணில் படவில்லை என்று விசாரணை முடிவு கட்டியது. தம் தாயை அந்த ஆஸ்பத்திரியில் பறிகொடுத்த ஒரு பெண்மணி, தாம் நடத்திவந்த சிற்றுண்டிக் கடையில் தம்மைப் போலவே துயருற்ற குடும்பங்களை ஒன்று கூட்டிக் குரல் எழுப்பிய பிறகுதான் உண்மை வெளியாயிற்று. சட்டம் அதிகாரம் வழங்கிய சபைகளுக்குத் தெரியாதது, அதிகாரம் எதுவும் இல்லாத அந்தச் சிறு கூட்டத்துக்குத் தெரிந்திருந்ததற்குக் காரணம், அவர்கள் படுக்கையருகில் நின்று கண்ணால் கண்டவர்கள் என்பதுதான். ஆய்வுக் குழுக்களின் அங்கத்தினர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. வைத்திய விஷயத்தில் பழக்கமில்லாத சாதாரண மனிதர்கள், அட்டவணைகளோடும் பதவிப் பெயர்களோடும் வந்து உட்காரும் நிபுணர்களுக்கு முன்னால் கூசிப்போவது இயல்பே. கேட்டு அறியவும் நேரில் கண்டு சோதிக்கவும் அவர்களுக்குத் துணை செய்ய ஆளில்லை. அதனாலேயே, ஆய்வுக் குழுக்களுக்குத் தக்க உதவி தரப்பட வேண்டும், ஆஸ்பத்திரிகளுக்குள் சென்று பார்வையிடும் அதிகாரமும் வேண்டும் என்று பிரான்சிஸ் சிபாரிசு செய்தார்.

ஸ்தல ஸ்தாபனம் விழித்திருந்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கும் அதே ஆண்டில் உதாரணம் கிடைத்தது. தென்கிழக்கு லண்டனில், தனியார் மூலதனத்தால் கட்டப்பட்ட கட்டடங்களுக்குத் தவணை செலுத்த முடியாமல் திணறிய ஓர் ஆஸ்பத்திரி நிறுவனத்தை மீட்க, அந்த நிறுவனத்தைச் சேராததும் கணக்கு வழக்கில் ஒழுங்காக இருந்ததுமான பக்கத்து லூயிஷாம் ஆஸ்பத்திரியின் அவசரச் சிகிச்சைப் பிரிவையும் பிரசவப் பிரிவையும் சுருக்குவதென்று சர்க்கார் முடிவு செய்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் குளிரில் ஊர்வலம் சென்றார்கள். லூயிஷாம் சபையோ மனுக் கொடுத்ததோடு நிற்காமல் கோர்ட்டுக்குப் போயிற்று. மந்திரி தம் அதிகாரத்தை மீறிவிட்டார் என்று 2013 ஜூலையில் உயர்நீதிமன்றமும், அக்டோபரில் அப்பீல் கோர்ட்டும் தீர்ப்பளித்தன.

சுகாதாரத்தை மேற்பார்வையிடும் சபை ஆஸ்பத்திரிச் சுவருக்குள் மட்டும் பார்த்தால் போதுமா என்ற கேள்வியே என் மனத்தை அதிகம் வாட்டுகிறது. எட்வின் சாட்விக் 1842-ல் வெளியிட்ட அறிக்கையில், லிவர்பூல் நகரத்தில் கனவான்கள் குடும்பத்தினர் மரணமடையும் சராசரி வயது 35 என்றும், கூலித் தொழிலாளர் குடும்பத்தினரின் சராசரி வயது 15 என்றும் கணக்குக் காட்டியிருந்தார். ஐந்து ஆண்டுகளில் அந்நகரம் தேசத்திலேயே முதல் நகரச் சுகாதார அதிகாரியாக டாக்டர் டங்கனை நியமித்தது; அவர் பார்த்தது சாக்கடைகளையும் நிலவறைக் குடியிருப்புகளையுமே. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 2010-ல், பேராசிரியர் மைக்கேல் மார்மட்டும் தம் அறிக்கையில், ஆயுளின் நீளத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை வருமானமும் வேலையும் வீடும் குழந்தைப் பருவமுமே என்பதை விரிவாக நிலைநாட்டினார். அப்படியிருக்க, நகரசபையின் சுகாதாரக் குழு ஓர் அறையிலும் பொருளாதாரக் குழு வேறோர் அறையிலும் கூடிக் கலைவது எனக்குச் சம்மதமாகத் தோன்றவில்லை.

லங்காஷயரில் உள்ள பிரஸ்டன் நகரசபை இந்த இடத்தில் நினைக்கத் தக்கது. 70 கோடி பவுன் செலவில் பெரிய அங்காடி ஒன்றைக் கட்டி நகரத்தை வளப்படுத்த நெடுங்காலம் திட்டமிட்டிருந்த அந்தச் சபை, முக்கியமான வியாபாரக் கம்பெனி பின்வாங்கிவிட்டதால் 2011-ல் அந்த ஆசையைக் கைவிட நேர்ந்தது. வெளியிலிருந்து வரும் செல்வந்தர்களுக்காகக் காத்திராமல், ஊரிலேயே வேரூன்றியிருக்கும் பொது ஸ்தாபனங்கள் தங்கள் பணத்தை எங்கே செலவழிக்கின்றன என்று ஆராயத் தொடங்கியது. சபை, போலீஸ், கல்லூரிகள், வீட்டு வசதி ஸ்தாபனம் ஆகியவை வாங்கிய சாமான்களுக்கும் சேவைகளுக்கும் கொடுத்த தொகையில் நூற்றுக்கு 5 பங்குதான் பிரஸ்டனுக்குள் தங்கியது என்று தெரிய வந்தது. பெரிய ஒப்பந்தங்களைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, உள்ளூர்த் தொழிலாளிகளும் கூட்டுறவு ஸ்தாபனங்களும் பங்குகொள்ளும்படி செய்தார்கள்; வாழ்க்கைக்குப் போதுமான கூலி கொடுப்பதையும் வற்புறுத்தினார்கள். நகரத்துக்குள் செலவான தொகை நான்கைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 3 கோடி 80 லட்சம் பவுனிலிருந்து 11 கோடி பவுனுக்கு மேல் உயர்ந்தது. லான்செட் குழுமத்தின் பொதுச் சுகாதாரப் பத்திரிகையில் 2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இந்தக் காலத்தில் பிரஸ்டனில் கூலி எதிர்பார்த்ததைவிட உயர்ந்ததையும், மனச்சோர்வுக்கு எழுதப்பட்ட மருந்துகள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததையும் எடுத்துக் காட்டுகிறது. ஒரு நகரத்தின் அநுபவத்தைக் கொண்டு எல்லா ஊர்களுக்கும் விதி வகுப்பது பொருந்தாது. எனினும், சம்பளப் பட்டியலிலும் நோயின் சரித்திரம் எழுதப்படுகிறது என்பதை மறுக்க முடியாது.

ஆஸ்பத்திரியே பல ஊர்களில் மிகப் பெரிய முதலாளி. இங்கிலாந்தின் தேசிய வைத்திய சேவையில் சுமார் 15 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். அது வாங்கும் ரொட்டி, துணி, மின்சாரம், கட்டட வேலை ஆகியவற்றின் தொகை மலைப்பூட்டுவது. அந்தச் சேவை தன் நீண்டகாலத் திட்டத்தில், 2019-ல், தன்னுடைய இந்தப் பொருளாதாரப் பொறுப்பைத் தானே ஒப்புக்கொண்டும் இருக்கிறது. ஒப்புக்கொண்டது நிறைவேறுகிறதா என்று கேட்பதற்கு ஊர்ச் சபையைவிடத் தகுதியுடையவர் யார்?

ஆனால் கேட்கும் அதிகாரம் வளர்வதற்குப் பதிலாகத் தேய்ந்து வருகிறது. மந்திரிக்கு முறையாக மேல்முறையீடு செய்யும் உரிமை 2024 ஜனவரி இறுதியில் ஆய்வுக் குழுக்களிடமிருந்து எடுக்கப்பட்டது. இப்போது எந்தப் பிரஜையும் மந்திரிக்கு எழுதிக் கேட்கலாம் என்பதே ஏற்பாடு. எல்லோருக்கும் கொடுத்ததாகச் சொல்லப்படும் இந்த உரிமை, தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் வாக்குக்கு இருந்த தனி மதிப்பை ஈடு செய்யாது. நகரங்களின் பொதுச் சுகாதாரத்துக்கு அளிக்கப்படும் மானியமும், விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் கொண்டால், பத்தாண்டுகளில் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்திருக்கிறது. மேல்முறையீட்டு உரிமையைத் திரும்பத் தருவதும், பிரான்சிஸ் சொன்ன பார்வையிடும் அதிகாரத்தைச் சட்டமாக்குவதும் பார்லிமெண்டின் காரியம். ஆனால் சுகாதாரக் குழுவையும் பொருளாதாரக் குழுவையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க எந்தச் சட்டமும் தேவையில்லை. அதை எந்த நகரசபையும் அடுத்த கூட்டத்திலேயே செய்துகொள்ளலாம். இரவில் ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸுகள், சலவை ஒப்பந்தம் எந்த ஊர்க் கம்பெனிக்குப் போயிருக்கிறது, அங்கே விரிப்புகளை வெளுப்பவளுக்கு என்ன கூலி என்ற மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டு, பதிலைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, மறுநாள் காலையில் வார்டுக்கும் சலவைசாலைக்கும் நேரில் போய்ப் பார்க்கட்டும்.