'கைரோபிராக்டர்'னு ஒரு செல்லப்பெயர்

பிரையன் லிமா, சமோவா ரக்பி வீரர். 1991 முதல் 2007 வரை 5 உலகக் கோப்பைகளில் ஆடியவர். அவர் வந்து மோதினா எதிராளியின் எலும்பு இடம் மாறிடுமாம். அதனால 'கைரோபிராக்டர்', அதாவது எலும்பைச் சொடுக்கி எடுக்கிறவர்! டாக்டரா எனக்குச் சிரிப்பு வரலைங்க.

மோதுறவர் மூளையும் மண்டையோட்டுக்குள்ள குலுங்கத்தான் செய்யும். மயங்கி விழாமலேயே கன்கஷன் வரும். சாதாரண ஸ்கேன்ல பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது. அப்போ நமக்கு இருக்கிற முக்கியமான துப்பு, அவர் வாயால சொல்றதுதான்.

வெளிநாட்டு கிளப்பில் ஆடும் சமோவா பையன் அனுப்புற பணத்துல ஊர்ல ஒரு குடும்பமே சாப்பிடுது. "தலை சுத்துதா?"ன்னு கேட்டா என்ன சொல்லுவான்? "இல்லை"ன்னுதான். ஒப்பந்தம் போயிடுமே! அந்த "இல்லை"யை எழுதிக்கிட்டு மறுபடி களத்துல இறக்குறது வைத்தியமா?

உட்கார வைங்க. சம்பளத்துல கை வைக்காதீங்க.