வதந்தி பேசும் தலைவருக்கு என்ன வைத்தியம்?

கடலூர் முதுநகரில் ஒரு மருந்துக்கடைக்காரர் காலாவதியான மாத்திரையை விற்றால் என்ன ஆகும்? மருந்து ஆய்வாளர் வந்து நிற்பார். லைசென்ஸுக்கே ஆபத்து! சிதம்பரத்தில் ஒரு டாக்டர் அஜாக்கிரதையாக வைத்தியம் பார்த்தால்? மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம் என்று 1995லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

சரி, இதே ஊரில் ஒரு அரசியல்வாதி மேடையேறி, "அந்த ஊசியைப் போட்டா ஆள் போயிடுவான்"னு அடித்து விட்டால்? கை தட்டிவிட்டு வீட்டுக்கு வருவோம். அவ்வளவுதான்!

கெட்டுப்போன மாத்திரை அதை விழுங்கியவரைத்தான் பாதிக்கும். மைக்கில் சொன்ன பொய்யோ கேட்டவர்களையும், அவர்கள் வீட்டுக் குழந்தைகளையும் சேர்த்துப் பாதிக்கும். இதில் யார் பெரிய குற்றவாளி என்று நீங்களே சொல்லுங்கள்.

2020 மே மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் மூலம் கடலூர் மாவட்டத்தில் கொரோனா கிடுகிடுவென ஏறியது. ஊரே பயந்து கிடந்தது. பயந்தவன் காதில் பொய் சுலபமாக ஏறும். அந்தச் சமயத்தில்தான் பொறுப்பில் இருப்பவர்கள் வாயைக் காக்க வேண்டும். காத்தார்களா?

2020 ஜூலையில் மத்திய அமைச்சர் அர்ஜுன் ராம் மேக்வால் ஒரு அப்பளப் பாக்கெட்டைக் கையில் பிடித்து, கொரோனாவை எதிர்க்கும் சக்தியை வளர்க்க இது உதவும் என்றார். ஆகஸ்டில் அவருக்கே கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்! எதிர்க்கட்சி மட்டும் சும்மா இருந்ததா? 2021 ஜனவரியில் அகிலேஷ் யாதவ், "பா.ஜ.க.வின் தடுப்பூசியை நான் போட்டுக்கொள்ள மாட்டேன்" என்றார். ஜூனில், அவருடைய அப்பா முலாயம் சிங் போட்டுக்கொண்ட பிறகு, தானும் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். இடைப்பட்ட ஐந்து மாதத்தில் அவர் பேச்சை நம்பி ஊசியைத் தள்ளிப்போட்டவர்களுக்கு யார் பதில் சொல்வது?

நம் ஊருக்கு வருவோம். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி இறந்துவிட்டார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே நடிகரும் அரசியல்வாதியுமான மன்சூர் அலிகான், தடுப்பூசியைச் சம்பந்தப்படுத்திப் பத்திரிகையாளர்களிடம் ஆவேசமாகப் பேசினார். போலீஸ் வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு... தடுப்பூசி வாங்க 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும்! அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு அக்டோபரில் சொன்னது. ஆனால் ஏப்ரலில் பரவிய பயத்தை அக்டோபர் அறிக்கை துடைத்துவிடுமா?

இதைவிடப் பெரிய கொடுமை தென்னாப்பிரிக்காவில் நடந்தது. எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி. கிருமிதானா என்று அதிபர் தாபோ எம்பெக்கியே சந்தேகம் கிளப்பினார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டும் பீட்ரூட்டும் சாப்பிடச் சொன்னார். மருந்து கொடுப்பது தாமதமாகி, 2000 முதல் 2005 வரை 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் வீணாகப் போயின என்று ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். இதற்காக யாரும் தண்டனை அனுபவிக்கவில்லை.

"அப்படின்னா பொய் பேசுற எல்லாரையும் உள்ளே தள்ள வேண்டியதுதானே சார்?" என்று கேட்பீர்கள். அங்கேதான் நிதானம் தேவை. சீனாவின் வூஹானில் லி வென்லியாங் என்ற டாக்டர், புதுவிதக் காய்ச்சல் வருகிறது என்று நண்பர்களை எச்சரித்தார். 'வதந்தி பரப்பாதே' என்று 2020 ஜனவரியில் போலீஸ் கூப்பிட்டுக் கண்டித்தது. பிப்ரவரியில் அந்த நோயிலேயே அவர் இறந்தார். எது பொய் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அரசாங்கத்திடமே கொடுத்தால், உண்மை பேசியவன்தான் முதலில் மாட்டுவான்.

ஆகவே என் யோசனை இதுதான். கருத்து வேறு, பொய் வேறு. 'எனக்கு நம்பிக்கையில்லை' என்று ஒரு தலைவர் சொன்னால் விட்டுவிடலாம். தப்பாக இருந்தாலும் அது அவர் கருத்து. 'இதனால் சாவு வரும்', 'இது நோயைத் தீர்க்கும்' என்று அடித்துச் சொன்னால் ஆதாரம் கேட்க வேண்டும். சரிபார்ப்பது மருத்துவர்கள் வேலை. நம் மாவட்டத்துக்கு சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறதே! தப்பு என்று தெரிந்தால், பேசிய அதே மேடையில், அதே சத்தத்தில் திருத்திச் சொல்ல வேண்டும். தெரிந்தே பொய் சொல்லிவிட்டுத் திருத்தவும் மறுத்தால், கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். ஜெயிலைவிட, உயர் நீதிமன்றம் காட்டிய வழியே எனக்குப் பிடிக்கிறது. எந்த மருந்தைப் பழித்தாரோ, அதையே ஜனங்களுக்கு வாங்கித் தரட்டும்!

சட்டம் ஒன்றுமே இல்லை என்றும் நினைக்காதீர்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 54ஆம் பிரிவு, பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. ஒரு அமைச்சர் பேசியதை அரசாங்கத்தின் தலையில் கட்ட முடியாது என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அப்படியானால் பேசியவர்தானே பொறுப்பு?

அடுத்த தேர்தலில் ஓட்டு கேட்டு உங்கள் வாசலுக்கு வருவார்கள். ரோடு, தண்ணீர், விளக்கு எல்லாம் கேளுங்கள். கூடவே இல்லத்தரசிகள் இன்னொன்றும் கேளுங்கள்: "நோய் வந்தப்போ நீங்க என்ன பேசினீங்க? அது பொய்னு தெரிஞ்சதும் திருத்தினீங்களா?"

கத்திரிக்காயில் சொத்தை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குகிற நமக்கு, தலைவர்கள் பேச்சைப் புரட்டிப் பார்க்கவா தெரியாது?