பொன்னாலைப் பாலம் தாண்டி வரும் வரி

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கோ.

"டீசல் வரி லொறி முதலாளிமாரின் பிரச்சினை. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற உங்களுக்கு இந்தக் கதை ஏன்?" என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

காரைநகரில் என்ன இருக்கிறது? மழை பெய்தால் கொஞ்சம் நெல், கடலில் மீன். மற்றதெல்லாம் பொன்னாலைப் பாலத்தால்தான் வருகிறது. மா, சீனி, பருப்பு, சீமெந்து, காஸ் சிலிண்டர், பிள்ளைகளின் கொப்பி எல்லாம் லொறியில் வருகிறது. கோடையில் குடிக்கிற தண்ணீர்கூட பவுசரில்தான். அந்தப் பவுசரும் டீசலில்தான் ஓடுகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கொழும்பிலிருந்து இங்கே ஏறக்குறைய 400 கிலோமீற்றர். போய்வர 800. லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடுகிற லொறி என்று வைத்தால் 200 லீற்றர் வேணும். பழைய எரிபொருள் கடனுக்காக லீற்றருக்கு 50 ரூபாய் எடுக்கிறோம் என்று அரசாங்கமே சொன்னது. அப்படியென்றால் ஒரு பயணத்தில் அந்த ஒரு வரி மட்டும் 10,000 ரூபாய். 2024 ஜனவரி 1 முதல் டீசலுக்கும் 18 வீத வற் சேர்ந்திருக்கிறது. அது வேறு. இந்தக் காசை லொறிக்காரர் தன் வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. கூலியில் போடுகிறார். கடைக்காரர் விலையில் போடுகிறார். கடைசியில் கட்டுவது வலந்தலையிலும் களபூமியிலும் அரைக் கிலோ பருப்பு வாங்குகிற அம்மா.

திரும்பிப் போகிற லொறியையும் பாருங்கோ. எங்கட மீன் ஐஸ் போட்டுக் கொழும்புக்குப் போகிறது. அந்தக் கூலியைக் கழித்துவிட்டுத்தான் கரையில் விலை சொல்லுகிறார்கள். வாங்கும்போது கூலியைச் சேர்த்துக் கொடுக்கிறோம், விற்கும்போது கூலியைக் கழித்து வாங்குகிறோம். பாதையின் கடைசியில் இருக்கிறவனுக்கு இரண்டு பக்கமும் அடி. கொழும்பில் இருக்கிறவருக்கும் எங்களுக்கும் வரி வீதம் ஒன்றுதான், சுமை ஒன்றில்லை.

இது புதிதும் இல்லை. 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது ஒரே லொறி அரசாங்கத்துக்கும் வரி கட்டியது, வன்னியைக் கடக்கையில் புலிகளுக்கும் வரி கட்டியது. 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டு, பிறகு புத்தளத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்துபோன எங்கட ஆட்களுக்கும் அது தெரியும். இரண்டு வரியையும் கடைசியில் சுமந்தது சாமான் வாங்கின சனம். 2022 இல் கியூஆர் வந்தபோது லொறிக்குக் கிழமைக்கு 50 லீற்றர். மேலே போட்ட கணக்குப்படி ஒரு கொழும்புப் பயணத்துக்கு நாலு கிழமைப் பங்கு வேணும். கொழும்பு நகரத்துக்குள் ஓடுகிற லொறிக்கும் அதே 50. தூரம் என்று ஒன்று இருப்பதை அந்தத் திட்டம் போட்டவர்கள் யோசிக்கவே இல்லை.

அடுத்தது வாகன வரிப்பத்திரம். 13ஆம் திருத்தத்தின்படி வாகன அனுமதிப்பத்திரக் கட்டணம் மாகாணத்துக்குரிய வருமானம். ஆனால் லொறி எந்த மாகாணத்தில் பதிந்திருக்கிறதோ அந்த மாகாணத்துக்குத்தான் அந்தக் காசு. பெரிய கம்பனிகளின் லொறிகள் மேல் மாகாணத்தில் பதிந்தவை. அவை இங்கே வந்து எங்கட ஒழுங்கைகளை உடைக்கின்றன, கட்டணம் அங்கே போகிறது. எரிபொருள் வரியோ முழுவதும் மத்திய திறைசேரிக்கு. உடைந்த உள்வீதியைத் திருத்தக் காசு இல்லை என்று மாகாணமும் பிரதேச சபையும் கையை விரிக்கின்றன. கேட்பதற்கு வட மாகாண சபையும் இல்லை. 2018 ஒக்ரோபரோடு அதன் காலம் முடிந்தது, இன்னும் தேர்தல் இல்லை.

வேறு இடங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் லொறி எந்த மாநிலத்தில் எவ்வளவு தூரம் ஓடியதோ அந்த அளவுக்கு எரிபொருள் வரி அந்த மாநிலத்துக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. இந்தியாவில் 2010 முதல் தேசிய அனுமதிக்கு ஒரே கட்டணம், அதை மாநிலங்கள் பங்கு போடுகின்றன. எங்களுக்கு ஒன்பதே மாகாணம். முடியாத கணக்கா இது?

கடலுக்கு வருவோம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் ஓடுகிற டீசல் படகு எந்த வீதியை உடைக்கிறது? அதற்கும் லொறிக்குப் போடுகிற அதே வரி. தமிழ்நாட்டில் விசைப்படகுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் கொடுக்கிறார்கள். வருடத்துக்கு 18,000 லீற்றராக இருந்ததை 2023 இல் 19,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். அந்த வரியில்லாத டீசலில் வருகிற இழுவைப்படகு எங்கட வலையை அறுத்துக்கொண்டு போகிறது. எங்கட மீனவர் முழு விலைக்கு எண்ணெய் அடித்துக்கொண்டு போய் அறுந்த வலையை எடுத்து வருகிறார். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ஆனதை யாரும் மறக்கவில்லை. 2024 ஒக்ரோபரிலிருந்து லீற்றருக்கு 25 ரூபாய் மானியம் அறிவித்தார்கள், நல்லது. ஆனால் அதுவும் ஆறு மாதத்துக்குத்தான். தொழில் ஆறு மாதத்துக்கு மட்டுமா?

"நாடு கடனில் இருக்கிறது, வரி கட்டத்தான் வேணும்" என்பார்கள். கட்டுவோம். ஐஎம்எப் நிபந்தனையும் எங்களுக்குத் தெரியும். கடனை அடைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கடனை உண்டாக்கின இடத்துக்குக் கிட்ட இருக்கிறவனைவிடத் தூரத்தில் இருக்கிற ஏழை ஏன் கூடக் கட்ட வேணும் என்றுதான் கேட்கிறோம்.

நாங்கள் கேட்பது மூன்று. எரிபொருள் வரியில் ஒரு பங்கு, ஓடும் தூரத்தைப் பார்த்து மாகாணங்களுக்கு வர வேணும். தீவுகளுக்கு ஓடும் பயணிகள் படகுக்கும் மீன்பிடிப் படகுக்கும் வரி விலக்கு நிரந்தரமாக வேணும். குடிதண்ணீர் பவுசர் டீசலுக்கு வரியே வேண்டாம்.

பிரதேச சபை உறுப்பினர்களே, கட்சியைத் தள்ளி வைத்துவிட்டு இதை ஒரு தீர்மானமாகச் சபையில் கொண்டு வாருங்கள். கடற்றொழிலாளர் சங்கங்களும் கடைக்காரர்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வையுங்கள். எழுதித் தருவது எங்கட வேலை, ஆசிரியர்கள் நாங்கள் எழுதித் தருகிறோம். அடுத்தமுறை வோட்டுக் கேட்டுப் பொன்னாலைப் பாலத்தால் வருகிற எம்பிமாரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். அவர்கள் வருகிற வாகனமும் டீசலில்தான் ஓடுகிறது. அதற்கு எண்ணெய் அடிப்பதும் எங்கட காசில்தான்.