28 நாள் சோதனை மட்டும் போதாது

நிலத்தடிச் சுரங்கத்தில் தாதுவை வெட்டியெடுத்த பின் மிஞ்சும் வெற்றிடத்தை அப்படியே விட்டுவிட முடியாது. சுற்றியுள்ள பாறை சரிந்துவிடும். அதனால் தாதுவைப் பிரித்த பிறகு ஆலையில் எஞ்சும் நுண்ணிய கழிவு மண்ணில் சிமெண்டும் தண்ணீரும் சேர்த்துக் குழம்பாக்கி, குழாய் வழியே இறக்கி அந்தக் குழியை நிரப்புகிறார்கள். ஜெர்மனியின் பாட் கிரண்ட் சுரங்கத்தில் 1970களின் இறுதியில் தொடங்கிய இந்த முறை, இன்று ராஜஸ்தானின் ராம்பூரா ஆகுச்சா துத்தநாகச் சுரங்கத்திலும் நடைமுறையில் இருக்கிறது. கழிவைத் தரைமேல் அணை கட்டித் தேக்கும் அபாயமும் இதனால் குறைகிறது.

நல்ல முறைதான். ஆனால் இந்த நிரப்பைக் கெடுக்கும் அமிலம் பல நேரங்களில் அந்தக் கழிவு மண்ணிலிருந்தே பிறக்கிறது.

ஈயம், துத்தநாகம், செம்புத் தாதுக்களோடு பைரைட் என்ற இரும்புச் சல்ஃபைடு பெரும்பாலும் கலந்திருக்கும். காற்றும் ஈரமும் பட்டால் அதிலிருந்து கந்தக அமிலம் உண்டாகும். கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் பிஎச் அளவு மைனஸ் 3.6 வரை இறங்கிய நீர் பதிவாகியிருக்கிறது. சிமெண்டோ பிஎச் 12-க்கு மேற்பட்ட காரத்தன்மையில்தான் உறுதியாக நிற்கும். அமிலம் முதலில் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கிறது. பிறகு துகள்களைப் பிணைத்திருக்கும் பசையையே அரிக்கிறது. கூடவே வரும் சல்ஃபேட், சிமெண்டிலுள்ள அலுமினாவோடு வினைபுரிந்து எட்ரிங்கைட் என்ற ஊசி வடிவப் படிகங்களாக வளர்கிறது. தொடக்கத்தில் இவை நுண்துளைகளை அடைத்து வலிமையைக் கூட்டவும் செய்யும். துளைகள் நிறைந்த பின்னும் வளர்ந்தால் நிரப்பு உள்ளிருந்தே விரிசல் விடும்.

ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. துருக்கியின் டிராப்சோன் நகரிலுள்ள கரடெனிஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சல்ஃபைடு மிகுந்த கழிவு மண்ணில் உருளைகளை வார்த்து ஓராண்டு வரை பல கட்டங்களில் நசுக்கிப் பார்த்தார்கள். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் கலந்தவை முதலில் வலுவடைந்து, பின்னர் வலுவிழந்தன. உருக்காலைக் கசடு சேர்த்தவை நன்றாகத் தாக்குப்பிடித்தன.

வார்த்த 28-ஆம் நாளில் நசுக்கிப் பார்க்கும் வழக்கமான வலிமைச் சோதனையில் தேறிய உருளை ஓராண்டுக்குப் பிறகும் தேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வீட்டுக் கூரைக்குப் போடும் எம்20 கான்கிரீட்டின் வலிமை 20 மெகாபாஸ்கல். சுரங்க நிரப்புக்கோ பெரும்பாலும் 1 மெகாபாஸ்கல் அளவே இலக்கு. கலக்கும் சிமெண்டும் வழக்கமாக 3 முதல் 7 சதவீதம்தான். இதில் பாதி கரைந்தாலும் தாங்கிக்கொள்ள மிச்சம் ஏது? பக்கத்துத் தாதுவை வெட்டும்போது அந்த நிரப்புதான் தொழிலாளிக்கு அருகே சுவராக நிற்கிறது.

சிமெண்டைக் குறைத்து மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது. கழிவில் பைரைட் எவ்வளவு என்று முதலில் அளக்க வேண்டும். முடிந்தவரை அதைப் பிரித்தெடுக்க வேண்டும். கசடு கலந்த சிமெண்டைப் பயன்படுத்த வேண்டும். அந்தந்தச் சுரங்கத்தின் நீரிலேயே உருளைகளை ஓராண்டு ஊறவைத்துச் சோதிக்க வேண்டும். சல்ஃபைடு தாது எடுக்கும் ஒவ்வொரு சுரங்கத்திலும் இவை நடப்பதைச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் உறுதிசெய்ய வேண்டும்.